மாடி வீட்டுக்கு வெளிநாட்டுக்காரர் குடிவந்தால்: ஓசூர்க்காரர்களுக்கு ஒரு கைகாட்டி

ஓசூரில் மாடி போர்ஷன் வைத்திருப்பவர்களுக்கு இப்போதெல்லாம் அடிக்கடி வரும் போன் இது. "சார், கம்பெனிக்கு கொரியாவிலிருந்து ஒருத்தர் வர்றார், ஒரு வருஷம் இருப்பார், வாடகை கம்பெனியே கட்டிடும், வீடு தருவீங்களா?" சிப்காட்டில் மிஷின் பொருத்த வருபவர், புது லைனை ஓட்டிக் காட்ட வருபவர், தரம் பார்க்க வருபவர் என்று ஜப்பான், தைவான், ஜெர்மனி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பெங்களூரில் தங்கி தினமும் அத்திப்பள்ளி நெரிசலில் நிற்பதைவிட இங்கேயே வீடு எடுத்துவிடலாம் என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். வாடகை ஒழுங்காக வரும், வீட்டையும் சுத்தமாக வைத்துக்கொள்வார்கள், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் "வெளிநாட்டுக்காரர், நமக்கு எதுக்கு வம்பு" என்று பயப்படுகிற ஓனர்களும் இருக்கிறார்கள், "வெளிநாட்டுக்காரர்தானே, நல்லா கறக்கலாம்" என்று கணக்குப் போடுகிற ஓனர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எங்கள் மாடியில் தொடர்ந்து வெளிநாட்டுக்காரர்கள்தான் இருந்து வருகிறார்கள். நான் பார்த்தவரை தகராறு வருவது இரண்டே காரணத்தால்: பேப்பர் வேலையை வேறு யாரோ செய்வார்கள் என்று விடுவது, நமக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரியும் என்று வாய்திறக்காமல் இருப்பது.

முதலில் பேப்பர்

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் தங்க வந்தால், வந்த 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. லாட்ஜுக்கு மட்டும்தான் இது என்று பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, தனி வீட்டுக்கும் உண்டு, வாடகையே வாங்காமல் தங்கவைத்தாலும் உண்டு. பழைய பழக்கத்தில் எல்லோரும் 'சி' பாரம் என்று சொல்கிறோம். 2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டவர் சட்டங்களுக்குப் பதிலாக ஒரே புதுச் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் வீட்டுக்காரர் தகவல் தர வேண்டும் என்ற கடமை அப்படியேதான் இருக்கிறது. எல்லாம் ஆன்லைன். வெளிநாட்டவர் பதிவுக்கான அரசுத் தளம் அது, இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ என்று தேடினால் வரும், முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு உள்ளே போங்கள், ஏனென்றால் காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறோம் என்று சொல்லும் தளங்களும் மேலேயே வந்து நிற்கும்.

இதில் முதல் வேலை, தங்க இடம் தருபவர் என்று உங்கள் பேரில் ஒரு கணக்குத் தொடங்குவது. இதை ஆள் வருவதற்கு முன்பே செய்து வையுங்கள். கணக்குக்கு ஒப்புதல் வரவே நேரமாகலாம், அதற்குள் 24 மணி நேரம் ஓடிவிடும். அடுத்து மாவட்டம். அவர் விமானத்தில் வந்து இறங்கியது பெங்களூராக இருக்கும், கம்பெனியின் ஹெச்.ஆர். ஆபீஸும் பெங்களூரிலேயே இருக்கும், அவர்கள் பழக்கதோஷத்தில் கர்நாடகா என்று போட்டுவிடுவார்கள். குடியிருப்பது எங்கேயோ அந்த மாநிலம், அந்த மாவட்டம்தான் கணக்கு. தமிழ்நாடு, கிருஷ்ணகிரி. உங்கள் வீட்டுப் பத்திரம் பழசாக இருந்தால் அதில் தர்மபுரி மாவட்டம் என்று இருக்கும், 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பத்திரத்தைப் பார்த்து அப்படியே தர்மபுரி என்று அடித்துவிடாதீர்கள். மாவட்டங்களில் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி எஸ்.பி.தான், தப்பான மாவட்டம் போட்டால் உங்கள் பாரம் தப்பான எஸ்.பி. ஆபீஸில் போய் உட்கார்ந்திருக்கும்.

பாரத்தில் கேட்பவை: பாஸ்போர்ட், விசா விவரம், போட்டோ, இந்தியாவுக்குள் வந்த தேதி, உங்கள் வீட்டுக்கு வந்த தேதி, எங்கிருந்து வந்தார், எவ்வளவு நாள் இருப்பார், எதற்காக வந்திருக்கிறார். பேர் விஷயத்தில் நிதானம் வேண்டும். ஜப்பான், கொரியா, சீனாக்காரர்கள் குடும்பப் பேரை முதலில் சொல்லுவார்கள், விசிட்டிங் கார்டில் சில சமயம் மாற்றிப் போட்டிருப்பார்கள், நீங்கள் காதில் விழுந்த வரிசையில் அடித்தால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்து அடியுங்கள்.

கம்பெனி செய்ய வேண்டியது வேறு. 180 நாளுக்கு மேல் செல்லும் வேலை விசாவில் வந்தவர், வந்த 14 நாளுக்குள் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவுக்கு முகவரி ஆதாரம் கேட்பார்கள், அங்கேதான் உங்கள் வாடகை ஒப்பந்தமும் நீங்கள் போட்ட பாரத்தின் நகலும் தேவைப்படும். ஆக நீங்கள் சும்மா இருந்தால் அவர் வேலையும் சேர்ந்து நிற்கும். ஹெச்.ஆர். ஆள் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்றால் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு உங்கள் பாரத்தை நீங்கள் போட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று. மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் பிள்ளைகள் இங்கே நிறைய வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வீடு கேட்டு வந்தால் பாஸ்போர்ட்டைக் காட்டு என்று கேட்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தியர்கள், ஆதார் போதும். அதற்கு நேர்மாறாக, அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் லீவுக்கு வரும் உங்கள் சொந்தப் பேரன் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவன்தான்.

ஒப்பந்தம்

பதினோரு மாதப் பத்திரத்தை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி பீரோவில் வைக்கிற காலம் போய்விட்டது. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இதற்கும் ஆன்லைன் தளம் உண்டு. ஒப்பந்தத்தில் வேறுமாதிரி ஒத்துக்கொண்டு எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பெங்களூரைப் பார்த்துப் பத்து மாதம் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கவும்.

கம்பெனி பேரில் ஒப்பந்தம் போட்டாலும் உள்ளே குடியிருக்கப் போகிறவர்களின் பேர்களை எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் ஜனவரியில் ஒருவர், மார்ச்சில் இன்னொருவர் என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பாரம் போட வேண்டியது நீங்கள், ஆனால் உங்களுக்கே தெரியாது. காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம், ப்ராஜெக்ட் முடிந்ததும் சட்டென்று டிக்கெட் போட்டுவிடுவார்கள். அசைவம் சமைக்கக்கூடாது என்று உங்கள் வீட்டில் இருந்தால் அட்வான்ஸ் வாங்கும் முன் சொல்லுங்கள். மாட்டுக்கறி, பன்றிக்கறி விஷயமும் அப்படியே, தடை இருந்தால் இருக்கிறது என்று பேரைச் சொல்லியே சொல்லுங்கள். 'கொஞ்சம் பாத்து நடந்துக்கோங்க' என்பதெல்லாம் மொழிபெயர்ப்பில் போய்ச் சேராது.

வீட்டைக் காட்டுவது

சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி வீட்டைக் காட்டுங்கள். ஸ்விட்ச் போர்டில் எது எதற்கு என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள், கீசர் ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கும் என்பதை அவர் கனவிலும் நினைக்க மாட்டார். மோட்டார் இன்னும் மோசம். அவர் ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான். சம்ப், சின்டெக்ஸ், மோட்டார் என்று இங்கே மூன்று படி இருப்பதும், போட்ட மோட்டாரை நாமே நிறுத்த வேண்டும் என்பதும் புதுச் செய்தி. டேங்க் நிரம்பி சன்ஷேடு வழியாகக் கொட்டிக்கொண்டிருக்கும், அவர் ஜன்னலில் நின்று மழை என்று பார்த்துக்கொண்டிருப்பார். தானாக நிற்கும் கன்ட்ரோலர் ஒன்று மாட்டிவிட்டால் உங்களுக்கும் நிம்மதி.

குடிக்கிற தண்ணீர் எது என்று குழாயைத் தொட்டுக் காட்டுங்கள். நம் மாவட்டத்தில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பது நமக்குப் பழகிய கதை, கிராமப்பக்கம் பல்லில் மஞ்சள் கறையோடு எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குக் கடன் கொடுத்தது ஜப்பானின் ஜைக்கா நிறுவனம். மாடிக்கு ஜப்பான்காரர் வந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் அப்படியே மலரும். ஆனாலும் முதல் சில வாரங்களுக்குக் கேன் தண்ணீரே நல்லது, புது ஊர்த் தண்ணீர் வயிற்றுக்குப் பழக நாளாகும். கேன் போடுபவரின் நம்பர், காலிக் கேனை வெளியே வைத்தால் எடுத்துக்கொள்வார், காசு மாதம் ஒருமுறையா கேனுக்குக் கேனா என்பதெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதைச் சொல்லிவிடுங்கள். மாதாமாதம் கட்டிப் பழகியவர்கள் முதல் பில் வந்ததும், அதுவும் ஏசி ஓடியிருந்தால், ஏமாற்றிவிட்டோமோ என்று பார்ப்பார்கள். மீட்டர் எங்கே இருக்கிறது என்று காட்டி, குடிவரும் அன்றைய ரீடிங்கைப் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாள் முன்கூட்டியே அறிவிப்பாக வரும், அதை ஒரு மெசேஜ் தட்டிவிட்டால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளை அவர் மாற்றிக்கொள்வார். திடீரென்று போனால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

சமையலுக்கு அவர் பேரில் கேஸ் இணைப்பு வாங்கும் அலைச்சலைவிட ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் சுலபம், அடையாளச் சான்று காட்டினால் போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. இல்லாவிட்டால் இண்டக்ஷன் அடுப்பு.

குப்பை

குப்பை என்றதும் நாம் நினைப்பது ஒன்று, அவர் நினைப்பது வேறு. ஜப்பானில் எரியும் குப்பை, எரியாத குப்பை, பாட்டில், டின், பேப்பர் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை வைத்திருக்கிறார்கள், கிழமை மாற்றி வைத்தால் எடுக்காமல் போய்விடுவார்கள். கொரியாவில் 1995 முதல் காசு கொடுத்து வாங்கிய பையில்தான் குப்பை போட வேண்டும், பெரிய பை என்றால் கூடுதல் காசு. அங்கிருந்து வந்த ஒருவர் காலி மனையில் குப்பை எரிவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

எங்கள் மாடியில் இருந்த ஒரு ஜப்பான்காரர் ஆவின் பாக்கெட்டைக் கத்தரியால் மூன்று பக்கமும் நறுக்கி, விரித்து, கழுவி, துணி கிளிப் போட்டு பால்கனிக் கம்பியில் காயவைப்பார். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று வரிசையாகக் கொடி கட்டியது மாதிரி இருக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் அதையெல்லாம் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டுத் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் கொடுத்தார். அந்த அக்கா தனியாக ஒரு சாக்கு வைத்துக்கொண்டார், பால் கவருக்குப் பழைய கடையில் காசு உண்டு.

நீங்கள் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: மாநகராட்சி வண்டி உங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு டப்பா போதும், நாப்கின், டயாபர், உடைந்த கண்ணாடியைத் தனியாகப் பேப்பரில் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். ராத்திரியே வாசலில் வைத்தால் நாய் கிழித்துவிடும் என்பதையும். கடைக்குப் பை எடுத்துப் போகச் சொல்லுங்கள், 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. கடைக்காரர் கொடுக்கிறாரே என்று கேட்பார். அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

சத்தம்

இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, சொல்லாமல் இருந்தால் அதிகம் கஷ்டப்படுவதும் இதனால்தான். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் டிரில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பார், இரவு பத்து மணிக்கு மேல் அமைதி என்பது அங்கே சட்டம். இங்கேயும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த விதி இருக்கிறது, அது எந்த அளவுக்கு நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்குப் பலன் கொடுத்த வழி, வருஷக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுப்பது. மார்கழி முழுக்க விடியற்காலை ஸ்பீக்கர். போகி அன்று விடிவதற்கு முன் புகை, ஜன்னலை மூடிக்கொள்ளவும், துவைத்த துணியை உள்ளே எடுக்கவும். பொங்கலை ஒட்டி நம் மாவட்டக் கிராமங்களில் எருது விடும் விழா, அவர் போட்டோ எடுக்க ஆசைப்படுவார், தடுப்புக்கு வெளியே மாடியில் நின்று பார்க்கும்படி யாராவது தெரிந்தவரோடு அனுப்புங்கள், தனியாக அனுப்பாதீர்கள். மார்ச் வாக்கில் சந்திரசூடேஸ்வரர் தேர், அன்றைக்கு ரோட்டை மாற்றிவிடுவார்கள், கம்பெனி வண்டி வீட்டு வாசலுக்கு வராது. யுகாதியும் இங்கே பெரிய பண்டிகைதான். ஆடியில் அம்மன் கோயில் கூழ், விநாயகர் சதுர்த்தி ஊர்வலம், தீபாவளி. கல்யாண மண்டபம் பக்கத்தில் உங்கள் வீடு இருந்தால் முகூர்த்த நாட்களையும் குறித்துவிடுங்கள். எந்த நாளில் சத்தம் என்று தெரிந்துவிட்டால் முக்கால்வாசிப் பேர் இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள், சிலர் எழுந்து பார்க்கவே வந்துவிடுகிறார்கள். தெரியாமல் அதிகாலை நாலரைக்கு எல்.ஆர்.ஈஸ்வரி குரல் தலைமாட்டில் கேட்டால் யாராக இருந்தாலும் பதறிப்போவார்கள்.

மாறாக அவரிடமிருந்து சத்தம் வந்தால் நேராகவே சொல்லுங்கள். தெருவில் பத்துப் பேரிடம் சொல்லி, அது சுற்றி அவர் டிரைவர் மூலமாக அவருக்குப் போய்ச் சேருவது அசிங்கம்.

தெருக்காரர்களுக்கு

அவர் குடிவந்த முதல் வாரத்தில் ஒரு டவலோ, பிஸ்கட் டப்பாவோ அழகாகச் சுற்றி எடுத்துக்கொண்டு உங்கள் வாசலில் நின்றால் திகைக்காதீர்கள். புது வீட்டுக்குப் போனால் அக்கம்பக்கத்துக்குச் சின்னப் பரிசு கொடுத்து அறிமுகம் செய்துகொள்வது ஜப்பானில் வழக்கம். கொரியாவில் குடிபுகுந்தால் சிவப்புப் பயறு தூவிய அரிசிக் கேக் கொடுக்கிற பழக்கம் இருந்தது. வாங்கிக்கொள்ளுங்கள், "அய்யோ இதெல்லாம் எதுக்கு" என்று திருப்பித் தள்ளினால் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தராத ஆள்தானே, சர்க்கரைப் பொங்கலோ மாம்பழமோ கொடுங்கள். மே, ஜூனில் கிருஷ்ணகிரிக்காரரிடம் மாம்பழம் வாங்கியவர் அதை மறக்க மாட்டார்.

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதில் ஜப்பான், கொரியாக்காரர்கள் நம்மைவிடக் கண்டிப்பு. ஏசி மெக்கானிக்கை அனுப்பும்போது ஷூவைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். வருவதற்கு முன் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள், மாடிதானே என்று நாம் படியேறிப் போய்க் கதவைத் தட்டுவது அவர்களுக்குப் பழக்கமில்லை. வீட்டு ஓனர் என்பதற்காக மாற்றுச் சாவியைப் போட்டுத் திறக்கவே கூடாது, அவருக்காக மட்டும் சொல்லவில்லை, எந்தக் குடித்தனக்காரருக்கும் அதுதான்.

"எங்க போறீங்க", "சாப்டாச்சா", "எத்தனை பசங்க" இதெல்லாம் நம் பக்கத்தில் வாய் சும்மா கேட்பது. முதல் மாதம் இதை அவர் விசாரணையாக எடுத்துக்கொள்ளக்கூடும், அப்புறம் அவரே "சாப்டாச்சா" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். ஆனால் சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஏன் ஆகவில்லை, என்ன மதம், இதை எல்லாம் விட்டுவிடலாம். ஜப்பான்காரரைப் பார்த்தாலும் கொரியாக்காரரைப் பார்த்தாலும் "சைனாக்காரரு" என்று கூப்பிடுவதையும் விட்டுவிடலாம். குடும்பப் பேரோடு சார், மேடம் சேர்த்தால் போதும். பிள்ளைகளுக்கு அங்கிள் வரும், அது யாரையும் சுடாது. செல்ஃபி வேண்டுமென்றால் கேட்டு எடுங்கள், அவர் குழந்தையை மட்டும் கேட்டாலும் எடுக்காதீர்கள், அதைவிடக் கன்னத்தைக் கிள்ளாதீர்கள்.

வாசனைப் பிரச்சினை ஒன்று உண்டு. கொரியாக்காரர்களின் ஊறுகாய் மாதிரியான கிம்ச்சி ஜாடியைத் திறந்தால் கீழ்வீடு வரை வரும். அதற்கு முன் நம் வீட்டில் போன வாரம் கருவாடு வறுத்ததை நினைத்துக்கொண்டு பேசலாம்.

கூட வந்திருக்கும் மனைவியை யாரும் கவனிப்பதில்லை. குடும்ப விசாவில் வந்தவர் இங்கே வேலைக்குப் போக முடியாது, கணவர் சிப்காட்டுக்குப் போனால் ராத்திரிதான் வருவார், பகல் முழுக்கத் தனியாக நாலு சுவர். கீழ்வீட்டு அக்கா காய்கறி வாங்கப் போகும்போது "வர்றீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ஆங்கிலம் இரண்டு பேருக்கும் சுமார்தான் என்பதால் பெரும்பாலும் சிரிப்பிலும் கையிலும் பேச்சு ஓடும், அது போதும்.

கடை, காசு

முதல் நாளே மளிகைக்கடை, மருந்துக்கடை, அயர்ன் கடை மூன்றுக்கும் நீங்களே கூட்டிப் போய் "நம்ம மாடி வீடு" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வார்த்தைக்கு ரேட் இறங்கும். காய்கறிக்கு ஓசூர் உழவர் சந்தையைக் காட்டுங்கள், விலையைப் போர்டில் எழுதிவைப்பார்கள், பேரம் பேசத் தெரியாதவருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கோஸ், முள்ளங்கி, குடைமிளகாய், காலிஃபிளவர் என்று நம் பக்கத்து விளைச்சலிலேயே அவர் சமையலுக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிடும், விடிகாலையில் போனால் ஃப்ரெஷ்ஷாக.

மொழி விஷயத்தில் ஓசூரே ஒரு குழப்பம் என்பதைச் சொல்லிவையுங்கள். ஒருவர் ஆசையாகப் பூக்காரம்மாவிடம் ஒன்று, இரண்டு, மூன்று கற்றுக்கொண்டு வந்து கம்பெனி டிரைவரிடம் சொல்லிக் காட்டினார், டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கற்றுக்கொண்டது அத்தனையும் தெலுங்கு. பாகலூர்ப் பக்கம் போனால் கன்னடமும் சேரும். தமிழ் எண்களை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்கு வந்து தங்குபவர் சாதாரண சேமிப்புக் கணக்கே தொடங்கலாம், வங்கியில் தெரியாத கிளார்க் என்றால் திருப்பி அனுப்பப் பார்ப்பார், மேனேஜரைப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு வந்து யு.பி.ஐ. ஓடும்வரை சில்லறை நோட்டு மாற்றிக் கொடுத்து உதவுங்கள், ஐந்நூறு ரூபாயை நீட்டினால் டீக்கடையில் என்ன செய்வார்கள் பாவம். கடந்த 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருந்தால் ஆதாருக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் யாராவது ஆதார் எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டால் ஓடிவிடச் சொல்லுங்கள்.

நாய், மருந்து

ஜப்பானில் 1957-க்குப் பிறகு உள்நாட்டு நாய்களுக்கு வெறிநோய் வந்ததில்லை. அதனால் தெருநாயைப் பார்த்ததும் குனிந்து தடவிக் கொடுக்கிறவர்கள் உண்டு, நகம் பட்டால் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இதை மட்டும் விளையாட்டாகச் சொல்லாமல் சீரியஸாகச் சொல்லுங்கள்: கடித்தாலோ பிராண்டினாலோ உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி தொடங்க வேண்டும், சொன்ன தேதிகளில் எல்லா டோஸும் போட வேண்டும். கொசுவலை போட்ட ஜன்னல் இல்லாத வீடு என்றால் இப்போதே அடித்துவிடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, மற்ற அவசரத்துக்கு 112. உங்கள் வீட்டு முகவரியைத் தமிழில் எழுதி அவர் போனில் போட்டோவாகச் சேமித்துவையுங்கள், ஆட்டோக்காரருக்கும் காட்டலாம், ஆம்புலன்ஸுக்கும் காட்டலாம்.

தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இரண்டு

வார இறுதியில் பெங்களூர் போய்த் திரும்பும்போது பையில் இரண்டு பாட்டில் வாங்கி வருவது. நாற்பது கிலோமீட்டர்தானே என்று அவருக்குத் தோன்றும், நடுவில் மாநில எல்லை இருக்கிறது, வெளிமாநில மதுவைக் கொண்டுவந்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு. இரண்டாவது, ஊரிலிருந்து கொண்டுவந்த மின்சார சிகரெட். 2019-ல் வந்த சட்டம் புகையிலையைச் சூடாக்கி இழுக்கும் கருவியையும் சேர்த்தே தடை செய்கிறது, ஜப்பானில் அதைத்தான் பல பேர் வைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்ட ஆசைப்பட்டால் தன் நாட்டு லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருக்க வேண்டும். அது இருந்தாலும் முதல் மாதம் ராயக்கோட்டை ரோட்டில் டூவீலரைத் தொட விடாதீர்கள்.

காலி செய்யும்போது

வந்தபோது பதிந்தது மாதிரியே அவர் கிளம்பியதையும் போர்ட்டலில் பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கில் அவர் உங்கள் மாடியிலேயே இருந்துகொண்டிருப்பார். கரண்ட் ரீடிங் அன்றைக்கே எடுத்து, பில் வரும்வரை காத்திராமல் யூனிட் கணக்குப் போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸை அவர் வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விமானத்துக்கு முதல் நாள் கணக்கை மூடிவிட்டு வந்து நின்றால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிற பாரம், அதற்கொரு ஆடிட்டர், அதற்கொரு பீஸ் என்று நீங்கள்தான் பேங்குக்கு நடப்பீர்கள். பெயின்ட் செலவைப் பிடித்துக்கொண்டுதான் தருவேன் என்றால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும், கடைசி வாரத்தில் சொல்லாதீர்கள். ஜப்பான்காரர் விட்டுவிட்டுப் போகும் ரைஸ் குக்கர் 100 வோல்ட்டில் ஓடுவதாக இருக்கும், நம் ப்ளக்கில் சொருகுவதற்கு முன் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.